மாறுதல் கேட்காதவர்கள்

(எல்.எம்.பி. மருத்துவர் ஒருவரின் நினைவாக அவர் குடும்பத்தார் நிறுவிய அறக்கட்டளையின் சார்பில், மருத்துவ மாணவர்களும் செவிலியர்களும் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவு. அச்சுக்காகச் சுருக்கித் திருத்தப்பட்டது.)



மண்டபத்துக்குள் நுழையும்போது ஒரு மாணவி அழைப்பிதழும் கையுமாக என்னை நிறுத்தினார். "சார், எம்.பி.பி.எஸ். என்பதை எல்.எம்.பி. என்று தப்பாக அச்சடித்துவிட்டார்களா?" என்று கேட்டார். தப்பில்லை அம்மா, சரியாகத்தான் அச்சாகியிருக்கிறது என்றேன். இன்று நாம் நினைவுகூரும் பெரியவர் எம்.பி.பி.எஸ். படித்தவர் அல்லர். மெட்ரிகுலேஷன் முடித்து, மருத்துவப் பள்ளியில் நான்காண்டு படித்து, லைசென்ஷியேட் என்ற தகுதியோடு ஓர் ஊரில் போய் உட்கார்ந்தவர். அந்த ஊரை விட்டு அவர் எழுந்திருக்கவே இல்லை. அவர் படித்த படிப்பை நாடு மூடிவிட்டதால், அப்படி ஒன்று இருந்தது என்பதுகூட இன்றைய மாணவர்களுக்குத் தெரியவில்லை.

நான் எம்.பி.பி.எஸ். படித்தவன். முதல் வேலை பழைய தென்னார்க்காடு மாவட்டத்தில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில். பதினான்காவது மாதம் மாறுதல் வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். எனக்கு முன்பே அங்கே இருந்த ஏ.என்.எம்., அதாவது துணைச் செவிலியர் அம்மா என் பெட்டியைத் தூக்கிக் கொடுத்தார். எனக்குப் பின் வந்த டாக்டர்கள் எல்லோரையும் அவரே வரவேற்று, அவரே வழியனுப்பி, கடைசியில் அதே ஊரில் ஓய்வு பெற்றார். பிற்காலத்தில் பொதுச் சுகாதாரம் கற்பிக்கும் ஆசிரியனாகி, பல நாடுகளின் சுகாதார ஏற்பாடுகளைப் படிக்க நேர்ந்தபோதெல்லாம், அந்தப் பஸ் நிறுத்தம்தான் எனக்குக் கேள்வியாக வந்து நின்றது. நான் ஏன் போனேன்? அவர் ஏன் இருந்தார்?

இன்றைய உரையின் கருத்து ஒன்றுதான். வளரும் நாடுகளில் சுகாதார அமைப்பைப் பலப்படுத்துவது என்றால், கடைசி ஊரில் தங்கப்போகிறவரைக் கண்டுபிடித்து, அவர் கையில் உண்மையான திறமையைக் கொடுத்து, தங்கியதற்காக அவர் வாழ்க்கையில் தோற்றுப்போகாமல் பார்த்துக்கொள்வது. மூன்றாவதுதான் கடினம். பெரும்பாலான நாடுகள் அங்கேதான் சறுக்கியிருக்கின்றன. இதை ஐந்து பகுதிகளாகச் சொல்கிறேன். இரண்டாவது பகுதி நீளம்; பொறுத்துக்கொள்ளுங்கள்.

1. தலைக்கணக்கு

2006-இல் உலக சுகாதார நிறுவனம் தன் ஆண்டறிக்கை முழுவதையும் பணியாளர்களுக்கென்றே ஒதுக்கியது. ஆயிரம் பேருக்கு மருத்துவர், செவிலியர், மருத்துவிச்சி எல்லோரும் சேர்த்து 2.3 பேராவது இல்லாவிட்டால், பிரசவம் பார்ப்பது போன்ற அடிப்படைப் பணிகளைக்கூடப் பெரும்பான்மை மக்களுக்குத் தர முடியாது என்று ஒரு கோடு கிழித்தது. அந்தக் கோட்டுக்குக் கீழே 57 நாடுகள் இருந்தன. அவற்றில் 36 நாடுகள் சகாராவுக்குத் தெற்கே. பற்றாக்குறை 24 லட்சம் பேர். உலக நோய்ச்சுமையில் 24 விழுக்காட்டைச் சுமக்கும் ஆப்பிரிக்காவிடம் உலகச் சுகாதாரப் பணியாளர்களில் 3 விழுக்காட்டினரே இருந்தார்கள்.

இந்தக் கணக்கு நல்ல காரியம் செய்தது. ஒரு மயக்கத்தையும் உண்டாக்கியது. ஆள் குறைவு என்றால் கல்லூரி திற, இடங்களை இரட்டிப்பாக்கு என்று எல்லோரும் கிளம்பினார்கள். கானாவையும் கென்யாவையும் பாருங்கள். பயிற்சி முடித்த செவிலியர்கள் பணி ஆணைக்காக வீட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள். அதே நேரம் மாவட்ட மருத்துவமனை வார்டில் இரவு முழுவதும் ஒரே ஒரு செவிலியர். ஆள் இருக்கிறார், இடமும் காலி. நடுவில் சம்பளப் பணம் இல்லை. கடன் கொடுத்தவர்கள் அரசுச் சம்பளச் செலவுக்கு உச்சவரம்பு வைத்த நாடுகளில், புதிதாக ஒருவரை நியமிக்கச் சுகாதார அமைச்சருக்கே அதிகாரம் கிடையாது. நிதியமைச்சரின் கதவைத் தட்ட வேண்டும். 2020-இல் கானா தன் செவிலியர்களை பார்படோஸுக்கு அனுப்பிவைத்ததை ஒப்பந்தம் என்று கொண்டாடினார்கள். அதைத் துரோகம் என்று நான் சொல்ல மாட்டேன். வேலை கேட்டவருக்கு வேலை கிடைத்தது. ஆனால் அவரைப் படிக்கவைத்த செலவு யாருடையது?

ஏழை நாடுகளில் வலைவீசி ஆள் பிடிக்காதீர்கள் என்று 2010-இல் உலக சுகாதாரப் பேரவை ஒரு நடத்தை விதியை ஏற்றது. விரும்பினால் கடைப்பிடிக்கலாம் என்ற வகை விதி. 2023-இல் பாதுகாப்பு தேவைப்படும் நாடுகளாக 55 பெயர்களைப் பட்டியலிட்டார்கள். போகிறவரை வாசலில் மறிப்பதில் எனக்கு நம்பிக்கையும் இல்லை, அதற்கான தகுதியும் இல்லை. பதினான்காவது மாதம் பஸ் ஏறியவன் நான்.

2. மொசாம்பிக் செய்த காரியம்

ஆப்பிரிக்காவின் தென்கிழக்கு ஓரம், ஏறக்குறைய 2,500 கிலோமீட்டர் கடற்கரையோடு நீண்டு கிடக்கும் நாடு மொசாம்பிக். தலைநகர் மபுட்டோ தெற்கு மூலையில். வடகோடி மாகாணத்தில் இருப்பவருக்குத் தலைநகர் வேற்று நாடு மாதிரிதான். 1975 ஜூன் 25 அன்று போர்ச்சுகல்லிடமிருந்து விடுதலை கிடைத்தது. அதையொட்டிய மாதங்களில் போர்ச்சுகீசியர்கள் கூட்டம் கூட்டமாகக் கப்பலும் விமானமும் ஏறினார்கள், மருத்துவர்களும் போனார்கள். ஏறத்தாழ ஒரு கோடி மக்களுக்கு நூறு டாக்டர்கள்கூட மிஞ்சவில்லை. உள்ளூர்க் கறுப்பின மருத்துவர்களை விரல்விட்டு எண்ணலாம்.

முதல் குடியரசுத் தலைவர் சமோரா மாஷெல் தொழிலால் செவிலியர். காலனி ஆட்சியின் மருத்துவமனையில் ஒரே வேலைக்கு வெள்ளையருக்கு ஒரு சம்பளம், கறுப்பருக்கு ஒரு சம்பளம் என்பதைத் தன் சம்பள உறையிலேயே பார்த்தவர். விடுதலை கிடைத்த ஒரு மாதத்துக்குள் மருத்துவத்தை அரசுடைமையாக்கினார். தடுப்பூசி இயக்கம் நடந்தது, ஊர்தோறும் பணியாளர்கள் பயிற்சி பெற்றார்கள், தேவையான மருந்துகளுக்கு மட்டும் ஒரு பட்டியல் வந்தது. 1978-இல் அல்மா-ஆட்டா மாநாட்டில் உலகம் ஆரம்ப சுகாதாரம் பற்றிப் பிரகடனம் செய்தபோது, மொசாம்பிக் அதில் பலவற்றை ஏற்கெனவே செய்துகொண்டிருந்தது.

பிறகு போர். ரெனாமோ கிளர்ச்சிப் படை 1992 வரை நாட்டைக் கிழித்தது. சுகாதார நிலையங்களும் பள்ளிகளும் குறிவைத்துக் கொளுத்தப்பட்டன. சாலைகளில் கண்ணிவெடி. காயம்பட்டவரையோ பிரசவம் சிக்கிய பெண்ணையோ மாகாணத் தலைநகருக்குக் கொண்டுபோக வழியில்லை. அறுவை சிகிச்சை செய்யத் தெரிந்தவர் அந்த மாவட்டத்திலேயே இருந்தாக வேண்டும். இருந்த சில அறுவை மருத்துவர்களோ நகரங்களில்.

அப்போது சுகாதார அமைச்சராக இருந்தவர் பாஸ்கோல் மொக்கும்பி. மருத்துவர், பின்னாளில் பிரதமரும் ஆனவர். பெர்னாண்டோ வாஸ் என்ற அறுவை மருத்துவர் அவரோடு தோள் கொடுத்தார். 1984-இல் ஒரு புதிய பயிற்சி தொடங்கியது. மாகாணங்களில் ஏற்கெனவே வேலை பார்த்துப் பழகிய மருத்துவ உதவியாளர்களையும் செவிலியர்களையும் தேர்ந்தெடுத்தார்கள். இரண்டாண்டு மபுட்டோ மத்திய மருத்துவமனையில், ஓராண்டு மாகாண மருத்துவமனையில். மூன்றாவது ஆண்டு முடியும்போது, பயிற்சி பெற்றவர் தன் கையால் சிசேரியன் செய்வார், கருப்பைக்கு வெளியே தங்கிய கரு வெடித்தால் வயிற்றைத் திறப்பார், கிழிந்த கருப்பையை எடுப்பார், குடலிறக்கத்தைச் சரிசெய்வார், எலும்பு முறிவைக் கட்டுவார். பெயர் டெக்னிகோ டி சிருர்ஜியா. நம் மொழியில் அறுவை நுட்பர் என்று வைத்துக்கொள்ளலாம்.

உங்களில் பலர் முகம் சுளிப்பது மேடையிலிருந்து தெரிகிறது. நானும் முதலில் படித்தபோது சுளித்தேன். எம்.பி.பி.எஸ். முடித்து வந்த எனக்கே சிசேரியன் தனியாகச் செய்யத் தைரியம் இருந்ததில்லை. என் சுகாதார நிலையத்துக்கு ஒரு நள்ளிரவில் குழந்தை குறுக்கே கிடந்த ஒரு பெண்ணை மாட்டுவண்டியில் கொண்டுவந்தார்கள். நான் செய்ததெல்லாம் குளுக்கோஸ் ஏற்றி, வாடகைக் கார் பிடித்து, நகரத்துக்கு அனுப்பியதுதான். தாய் பிழைத்தார். குழந்தை வழியிலேயே போய்விட்டது. ஐந்தரை ஆண்டு படித்தவன் அந்த இரவில் செய்தது, விலாசம் எழுதிக் கொடுத்தது மட்டும்.

அறுவை நுட்பர்கள் செய்த அறுவை எப்படி? 1996-இல் ஓர் ஆய்வு வெளியானது. வரிசையாக 2,071 சிசேரியன்களை எடுத்துக்கொண்டார்கள். 958 நுட்பர்கள் செய்தவை, 1,113 மகப்பேறு நிபுணர்கள் செய்தவை. தாயின் நிலையிலோ குழந்தையின் நிலையிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. மேல்தையல் பிரிவது மட்டும் நுட்பர்களிடம் கொஞ்சம் கூடுதல். 2002-இல் நாடு முழுவதும் நடந்த 12,178 பெரிய மகப்பேறு அறுவைகளைக் கணக்கிட்டபோது, 57 விழுக்காடு இவர்கள் கையால் நடந்திருந்தது. மாவட்ட மருத்துவமனைகளில் மட்டும் பார்த்தால் 92 விழுக்காடு. செலவையும் கணக்குப் போட்டார்கள். முப்பதாண்டுப் பணிக்காலத்தைக் கணக்கில் எடுத்தால், ஓர் அறுவைக்கு நுட்பரால் ஆகும் செலவு ஏறத்தாழ 39 டாலர், நிபுணரால் 144 டாலர்.

இவற்றையெல்லாம்விட என்னை நிமிர்ந்து உட்கார வைத்த எண் வேறு. 1987, 1988, 1996 ஆண்டுகளில் தேறிய நுட்பர்களை ஏழாண்டு கழித்துத் தேடிப் பார்த்தார்கள். 88 விழுக்காட்டினர் மாவட்ட மருத்துவமனைகளிலேயே இருந்தார்கள். அதே ஆண்டுகளில் தேறி மாவட்டங்களுக்குப் போன மருத்துவர்களையும் தேடினார்கள். ஒருவர்கூட மாவட்டத்தில் இல்லை.

இந்தப் பூஜ்யத்தை ஒழுக்கக்கேடு என்று எழுதுவது சுலபம். அந்த மருத்துவர்கள் எல்லோரும் சுயநலக்காரர்களாக இருக்க முடியாது. அவர்களை உருவாக்கிய ஏற்பாடே அவர்களை வெளியே தள்ளியது.

ஒரு கேள்வி எப்போதும் வரும். உங்கள் மகளுக்கு நுட்பர் சிசேரியன் செய்ய ஒப்புக்கொள்வீர்களா? நேர்மையாகச் சொல்கிறேன். நகரத்தில் இருந்தால் நிபுணரிடம்தான் போவேன். நிபுணர் ஒரு பகல் தூரத்தில் இருந்தால், நுட்பரின் காலில் விழுவேன். ஏழைக்கு இரண்டாம் தரம் போதும் என்பது இதன் பொருள் என்று சிலர் கோபப்படுகிறார்கள். அந்தக் கோபம் நியாயமானது. அதை நான் துடைத்துவிடப் போவதில்லை. ஆனால் அந்த மாவட்டத்தில் நுட்பரோடு ஒப்பிட நிபுணர் யாரும் இல்லை. நுட்பர் இல்லாவிட்டால் அங்கே இருப்பது வாடகைக் கார், அதுவும் கிடைத்தால்.

3. ஏன் தங்கினார்கள், நாம் ஏன் மூடினோம்

நுட்பர்கள் தங்கியதற்குக் காரணங்கள் மூன்று தென்படுகின்றன. மாகாணங்களில் ஏற்கெனவே வேலை பார்த்தவர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த வாழ்க்கை அவர்களுக்குப் புதிதல்ல. அங்கே அவர்களுக்கு வேலை இருந்தது. தினமும் கை நிறைய அறுவை, ஊரில் மதிப்பு. மூன்றாவதைச் சொல்ல எனக்குக் கூச்சம். அவர்கள் சான்றிதழ் எல்லை தாண்டினால் செல்லாது. லிஸ்பனிலோ ஜோகன்னஸ்பர்க்கிலோ அதைக் காட்டி வேலை வாங்க முடியாது.

மூன்றாவது காரணத்தை மட்டும் பிடித்துக்கொண்டு, செல்லாத சான்றிதழ் கொடுத்தால் ஆள் ஓட மாட்டான் என்று கொள்கை வகுப்பவர்கள் உண்டு. அது கொட்டடிக் கணக்கு. அதன் விளைவை நம் வரலாறே சொல்லும்.

சென்னை மாகாணத்தில் மருத்துவப் பள்ளிகள் என்று தனியாக இருந்தன. ராயபுரத்தில் இருந்த பள்ளிதான் 1938-இல் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி ஆனது. வேலூரில் ஐடா ஸ்கடர் 1918-இல் பெண்களுக்காகத் தொடங்கியதும் இத்தகைய பள்ளியே, எம்.பி.பி.எஸ். அங்கே வந்தது 1942-இல். பள்ளிகளில் படித்தவர்கள் எல்.எம்.பி. அரசு வேலையில் சேர்ந்தால் சப் அசிஸ்டெண்ட் சர்ஜன். சிற்றூர்களிலும் தாலுகா மருந்தகங்களிலும் வைத்தியம் பார்த்தவர்களில் இவர்களே மிகுதி. போர் கமிட்டி தன் அறிக்கையில் தந்த கணக்குப்படி, அன்றைய இந்தியாவில் பதிவுபெற்ற மருத்துவர்கள் 47,524 பேர். அவர்களில் 29,870 பேர் லைசென்ஷியேட்டுகள்.

போர் கமிட்டி என்றால் யுத்தத்தைப் பற்றியது என்று நினைத்துவிடாதீர்கள். ஜோசப் போர் என்பவர் தலைமையில் அமைந்த சுகாதாரக் குழு அது. நம் ஆ. லட்சுமணசுவாமி முதலியாரும் அதில் உறுப்பினர். 1946-இல் வந்த அதன் அறிக்கைதான் ஆரம்ப சுகாதார நிலையம் என்ற கருத்தை நமக்குத் தந்தது. அதே அறிக்கைதான், இனி நாட்டில் ஒரே தர மருத்துவர் போதும், மருத்துவப் பள்ளிகளைக் கல்லூரியாக உயர்த்துங்கள் அல்லது மூடுங்கள் என்றும் சொன்னது. குழுவுக்குள்ளேயே சிலர் மறுப்புக் குறிப்பு எழுதினார்கள்: ஆள் இவ்வளவு குறைவாக இருக்கும்போது இவர்களையும் நிறுத்தினால் கிராமத்துக்கு யார் போவார்கள் என்று. பெரும்பான்மை வென்றது.

இதில் குழுவைத் திட்டுவது எனக்குப் பிடிக்கவில்லை. அவர்கள் நல்லெண்ணம் உள்ளவர்கள். கிராமத்தானுக்கும் நகரத்தானுக்கு இணையான மருத்துவர் வேண்டும் என்றார்கள். லைசென்ஷியேட்டுகளுமே அகில இந்தியச் சங்கம் வைத்துப் போராடிக்கொண்டிருந்தார்கள். அதே நோயாளி, அதே நோய், குறைந்த சம்பளம், குறைந்த பதவி, எத்தனை ஆண்டு ஆனாலும் சப் அசிஸ்டெண்ட். மேலே ஏற ஒரு படி வேண்டும் என்று அவர்கள் கேட்டார்கள். நாம் அவர்கள் நின்றுகொண்டிருந்த படியையே எடுத்துவிட்டோம். இருந்தவர்கள் சுருக்கப் படிப்பு படித்து எம்.பி.பி.எஸ். ஆனார்கள், அல்லது வயதாகி மறைந்தார்கள். புதிதாக யாரும் வரவில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தைக் கட்டிவிட்டு, அதில் தங்கக்கூடியவரை அதே அறிக்கையில் ஒழித்தோம். அந்தக் காலி நாற்காலியில்தான் நான் பதினான்கு மாதம் உட்கார்ந்துவிட்டு எழுந்தேன்.

4. மேலே ஒருவர், பின்னால் ஒருவர்

தனி ஆளைத் தயாரித்து ஊரில் விட்டுவிட்டால் போதுமா? போதாது என்பதற்கு இலங்கை நல்ல சான்று.

1926-இல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கியது. அதிலிருந்து வளர்ந்த வலைதான் இன்று தீவு முழுவதும் இருக்கிறது. அடியில் நிற்பவர் ஒரு பெண். தமிழ்ப் பகுதிகளில் குடும்பநல உத்தியோகத்தர் என்பார்கள், பேச்சில் மிட்வைஃப். பதினெட்டு மாதப் பயிற்சி. சில ஆயிரம் பேர் கொண்ட பகுதி அவர் பொறுப்பு. யார் வீட்டில் யார் கருவுற்றிருக்கிறார், எந்தக் குழந்தைக்கு எடை ஏறவில்லை என்பது அவருடைய பதிவேட்டில் இருக்கும். 1930-களில் அங்கே ஒரு லட்சம் பிறப்புக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தாய்மார் இறந்தார்கள். இந்த நூற்றாண்டுத் தொடக்கத்தில் அது ஐம்பதுக்கும் கீழே இறங்கிவிட்டது. பணக்கார நாடாகி இதைச் சாதிக்கவில்லை. நடுவே நெடிய போர் வேறு.

பலர் அந்தப் பெண்ணை மட்டும் பார்த்துவிட்டு, பதினெட்டு மாதப் பயிற்சியை நகலெடுத்துக்கொண்டு போகிறார்கள். ஆனால் அவருக்கு மேலே பொதுச் சுகாதாரத் தாதியச் சகோதரி ஒருவர் பதிவேட்டைப் புரட்டிப் பார்க்கிறார். அதற்கு மேலே சுகாதார வைத்திய அதிகாரி. அந்த மிட்வைஃப் அனுப்பும் கர்ப்பிணியை ஏற்றுக்கொள்ள ஒரு மருத்துவமனை. ஒரு தாய் இறந்தால் ஊரிலிருந்து மேல்மட்டம் வரை ஏன் என்று விசாரிக்கும் வழக்கம். தமிழ்நாட்டிலும் 1990-களிலிருந்து ஒவ்வொரு தாய் மரணத்தையும் இப்படி ஆய்கிறார்கள். நம்மிடம் இன்னொன்றும் இருந்தது: 1920-களிலிருந்தே மருத்துவமனைத் துறையிலிருந்து பிரித்து வைத்த பொதுச் சுகாதாரத் துறை. அவசரமில்லாத வேலையை அவசர வேலை விழுங்கிவிடாமல் அது காத்தது. 1995 முதல் மாநில அரசின் மருந்துக் கழகம் மாத்திரைகளை மொத்தமாக வாங்கிக் கிடங்கு கிடங்காக அனுப்பத் தொடங்கியபின், செவிலியர் கையில் மாத்திரையும் இருந்தது. மாத்திரை இல்லாத செவிலியரை ஊர் இரண்டு முறைதான் நம்பும்.

5. ஏணி

மொசாம்பிக்குக்குத் திரும்புகிறேன். கதையின் பாதியைத்தான் சொன்னேன்.

1987-இல் பன்னாட்டு நிதி நிறுவனங்களின் நிபந்தனையோடு பொருளாதாரச் சீரமைப்பு வந்தது. நாணயத்தின் மதிப்பு சரியச் சரிய, சுகாதாரப் பணியாளரின் சம்பளத்துக்குக் கடையில் கிடைத்தது சுருங்கிக்கொண்டே போனது. இலவச மருந்துக்கு மேசைக்கடியில் காசு வாங்கும் பழக்கம் வந்தது. போர் முடிந்ததும் வெளிநாட்டுத் தொண்டு நிறுவனங்கள் வெள்ளமாக வந்தன. வாகனம், ஜெனரேட்டர், கருத்தரங்குப் படி எல்லாம் வந்தன. திறமையானவரைப் பார்த்து, அரசுச் சம்பளத்தின் பல மடங்கு கொடுத்து எடுத்துக்கொண்டார்கள். சுகாதார அமைப்பைப் பலப்படுத்த வந்தவர்களே அதன் தூண்களைக் கழற்றிக்கொண்டு போனதைக் கண்டு வெட்கப்பட்ட சில நிறுவனங்கள், 2008-இல் தங்களுக்கென்று ஒரு நடத்தை விதி எழுதிக்கொண்டன.

நுட்பர்களோ மாவட்டத்திலேயே இருந்தார்கள். நாட்டின் அறுவைகளைச் சுமந்தார்கள். ஆனால் பதவி வரிசையில் அவர்கள் இடைநிலைப் பணியாளர்கள். நேற்று வந்த இளம் மருத்துவருக்கு நுட்பர் இரவெல்லாம் நின்று சிசேரியன் கற்றுக்கொடுப்பார். மறுநாள் அந்த மருத்துவர் அவருக்கு மேலதிகாரி. நம் லைசென்ஷியேட்டுகளின் அதே முறையீடு, வேறு மொழியில். இதில் மொசாம்பிக் நம்மைப் போலச் செய்யவில்லை. படிப்பை மூடாமல், மபுட்டோவில் உயர்கல்வி நிறுவனம் தொடங்கி, நுட்பர்களுக்குப் பட்டப்படிப்பு வழியைத் திறந்தது. தாமதமாகத்தான். குறைகள் தீர்ந்துவிட்டன என்றும் சொல்ல முடியாது. ஆனாலும் படியை எடுக்கவில்லை; மேலே ஒரு படி வைத்தது.

சத்தீஸ்கரில் 2001-இல் கிராமத்துக்கென்று மூன்றாண்டு மருத்துவப் படிப்பு தொடங்கினார்கள். படித்தவர்கள் ஆரம்ப சுகாதார நிலையங்களில் எம்.பி.பி.எஸ். மருத்துவர்களுக்கு இணையாகச் செயல்பட்டார்கள் என்று 2010-இல் ஆய்வு சொன்னது. அதற்குள் படிப்பே நின்றுவிட்டது. பட்டத்தின் பெயர் என்ன, டாக்டர் என்று போட்டுக்கொள்ளலாமா, மேற்படிப்பு உண்டா என்ற கேள்விகளுக்குப் பதில் சொல்லாமலேயே ஆளை அனுப்பியதால் வந்த வினை. அங்கே மாணவர்கள் தெருவில் இறங்கியதில் எனக்கு வியப்பில்லை.

எத்தியோப்பியா 2003 முதல் பத்தாம் வகுப்பு முடித்த ஊர்ப் பெண்களுக்கு ஓராண்டுப் பயிற்சி கொடுத்து, முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை நியமித்தது. ஒவ்வொரு ஊராட்சிக்கும் இருவர், அரசுச் சம்பளத்தோடு. இதில் சம்பளம் என்ற சொல்லைத் தடித்த எழுத்தில் போட வேண்டும். பல நாடுகள் இதே வேலையைத் தன்னார்வலர் என்ற பெயரில் சும்மா வாங்கிக்கொள்கின்றன. எத்தியோப்பியாவே பிறகு அந்தப் பெண்களுக்குக் கீழே சம்பளமில்லாத பெண்கள் படை ஒன்றைச் சேர்த்தது. நம் ஆஷா பணியாளர்களுக்கும், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாகச் சென்று இரத்த அழுத்தம் பார்க்கும் பெண்களுக்கும் நாம் கொடுப்பது ஊக்கத்தொகை. தொண்டு மனப்பான்மை என்று புகழ்ந்துகொண்டே ஒருவரைச் சுரண்டுவது நமக்குக் கைவந்த கலை.

நம் மாநிலத்தில் ஏணி வேலை செய்த இடம் ஒன்று உண்டு. அரசு மருத்துவர்களுக்குப் பட்ட மேற்படிப்பில் இட ஒதுக்கீடு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் சில ஆண்டு பணியாற்றினால் நிபுணர் ஆகலாம் என்பதால் இளம் மருத்துவர்கள் கிராமத்துக்கு வந்தார்கள். நிபுணரானபின் அரசு மருத்துவமனைக்கே திரும்பினார்கள். விதிமுறைகள் மாறி அது தடுமாறியபோது வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2020 ஆகஸ்டில், அப்படி ஒதுக்க மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று தீர்ப்பு வந்தது. நல்ல ஏணி. ஆனால் இது மருத்துவர்களுக்கான ஏணி. இருபது ஆண்டு துணை சுகாதார நிலையத்தில் இருந்த கிராம சுகாதாரச் செவிலியருக்கு அடுத்த படி எங்கே இருக்கிறது, அது எவ்வளவு அகலம் என்று பின்வரிசையில் சீருடையோடு அமர்ந்திருக்கும் செவிலியர்களைக் கேட்டால் சொல்வார்கள். அவர்களுக்கான படிகள் குறைவு, காத்திருப்பு நீளம்.

நண்பர்களே, அறக்கட்டளைக் குடும்பத்தாரிடம் ஒரு விண்ணப்பம் வைக்க அனுமதி வாங்கியிருக்கிறேன். ஆண்டுதோறும் மகப்பேறு மருத்துவத்தில் முதல் மதிப்பெண் பெறும் மாணவருக்கு இந்த மேடையில் தங்கப் பதக்கம் தருகிறீர்கள். அது தொடரட்டும். கூடவே இன்னொன்று: ஒரே துணை நிலையத்திலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பதினைந்து ஆண்டுக்கு மேல் இருந்த செவிலியர் ஒருவருக்கு, பதக்கமாக அல்லாமல், மேற்படிப்புக்கான முழுச் செலவும், படிக்கும் காலத்தில் வீட்டுக்கு வரும் சம்பளக் குறைவை ஈடுகட்டும் தொகையும். விண்ணப்பப் படிவம் ஒரு பக்கம் போதும். எந்த ஊர், எந்த ஆண்டிலிருந்து, எத்தனை பிரசவம். உயர் அதிகாரியின் பரிந்துரை வேண்டாம்; ஊரில் அவரிடம் பிரசவம் பார்த்துக்கொண்ட மூன்று பேரின் கையெழுத்து இருக்கட்டும்.

பெரியவரின் மூத்த மகள் முன்வரிசையில் இருக்கிறார். தேநீரின்போது இதைச் சொன்னதும், "அப்பா இருந்திருந்தால் படிவமே வேண்டாம், ஆளைக் கூட்டி வா என்றிருப்பார்" என்றார். அப்படியே செய்யலாம். பின்வரிசையில், கடைசிக்கு முந்தைய நாற்காலியில் இருப்பவர் ஒரே துணை நிலையத்தில் முப்பத்தொன்றாவது ஆண்டில் இருக்கிறாராம். கூட்டம் முடிந்ததும் அவர் கொஞ்சம் இருக்க வேண்டும். ஊருக்குக் கடைசி பஸ் ஏழரைக்கு என்று சொன்னார். இப்போது மணி ஏழு பத்து.